அசம்பாவிதத்துக்கு மறுநாள் டியூட்டிக்கு வருபவரை யார் பார்ப்பது? சக பணியாளர் ஆதரவு பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஆஸ்பத்திரியில் ஒரு அசம்பாவிதம் நடந்தால் முதலில் யாரைக் கவனிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. நோயாளியை. அப்புறம் அவருடைய குடும்பத்தை. நடந்ததை மறைக்காமல் சொல்லி, வருத்தம் தெரிவித்து, தேவையான சிகிச்சையைத் தொடர்ந்த பிறகும் இன்னும் ஒருவர் மிச்சம் இருக்கிறார். மருந்தை ஏற்றிய நர்ஸ், கத்தியைப் பிடித்த சர்ஜன், ஸ்கேனைத் தப்பாகப் படித்த ஜூனியர் டாக்டர், சில நேரம் மருந்தகத்தில் அந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தவர். மறுநாள் காலையில் அவர் அதே வார்டுக்குள் நுழைந்து, அதே கட்டிலில் படுத்திருக்கும் வேறொரு நோயாளிக்கு அதே மருந்தை ஏற்ற வேண்டியிருக்கும். அந்த ஆளுக்கு ஆஸ்பத்திரி என்ன செய்கிறது என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் கிடைக்கும் பதில், விளக்கம் கேட்டு ஒரு மெமோ.

இதற்கு மாற்றாக உலகின் பல மருத்துவமனைகள் கடந்த இருபது ஆண்டுகளாகச் செய்துபார்க்கும் ஒரு ஏற்பாடுதான் சக பணியாளர் ஆதரவு. விஷயம் சிக்கலானதல்ல. அதே வேலையைச் செய்கிற, கொஞ்சம் பயிற்சி பெற்ற ஒருவர், அடிபட்டு நிற்கிற சக ஊழியரைத் தேடிப்போய்ப் பேசுகிறார். பேசுகிறார் என்பதைவிடக் காதுகொடுத்துக் கேட்கிறார் என்பதே சரி. அவர் மனநல மருத்துவரும் அல்ல, விசாரணை அதிகாரியும் அல்ல. கேட்க இவ்வளவு எளிதாக இருக்கும் இதை ஒழுங்காக நடத்துவதில்தான் அத்தனை சிக்கலும்.

கதை எங்கே தொடங்கியது என்று பார்த்துவிடலாம். 2000ஆம் ஆண்டு ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது நடந்ததை அதில் சொல்கிறார். இதயத்தைச் சுற்றி நீர் கோத்து அழுத்துவதற்கான அறிகுறி ஒரு நோயாளியின் ஈ.சி.ஜி.யில் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்த இன்னொரு பயிற்சி மருத்துவர் கோட்டைவிட்டுவிட்டார். அன்று ராத்திரியே நோயாளியை அவசரமாக ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. செய்தி மளமளவென்று பரவியது. சக மருத்துவர்கள் ஒன்றுகூடி, இவன் லாயக்கில்லாதவன் என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். யாரிடமும் ஒரு துளி இரக்கம் இல்லை. வூவை உறுத்தியது இன்னொன்று: அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் இதே தவறைச் செய்திருப்பேனோ? இப்படி மாட்டிக்கொள்ளும் மருத்துவப் பணியாளரை அவர் 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று அழைத்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. உயிரையோ உடல்நலத்தையோ இழந்தவர்களின் குடும்பங்களுக்கு இது வலிக்கிறது, இதைக் கைவிடுங்கள் என்று 2019இல் அதே பத்திரிகையில் ஒரு குரல் வந்தது. நியாயமான குறைதான். அதனால் இந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லை இனித் தொடப் போவதில்லை.

பணியாளருக்கு ஆதரவு என்றாலே நோயாளிக்கு எதிரான ஏற்பாடு என்று நினைத்துவிடவும் வேண்டாம். 1999இல் பாஸ்டனில் லிண்டா கென்னி என்ற பெண்மணிக்குக் கணுக்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடக்க இருந்தது. நரம்பை மரத்துப்போக வைக்கச் செலுத்திய மருந்து ரத்தத்தில் கலந்து இதயம் நின்றுவிட்டது. நெஞ்சைத் திறந்து, இதய-நுரையீரல் இயந்திரத்தில் போட்டுத்தான் காப்பாற்றினார்கள். பிறகு அந்த மயக்க மருந்து மருத்துவர் ரிக் வான் பெல்ட் அவருக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதினார். இருவரும் பேசினார்கள். தன்னைப் போலவே அந்த மருத்துவரும் யாருடைய கைத்தாங்கலும் இல்லாமல் தவித்திருக்கிறார் என்று கென்னிக்குப் புரிந்தது. 2002இல் அவர் தொடங்கிய அமைப்பு நோயாளிகள், குடும்பங்கள், பணியாளர்கள் என்று மூன்று தரப்புக்கும் ஆதரவு தந்தது. இதைத் தொடங்கி வைத்தவர் பாதிக்கப்பட்ட நோயாளி என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஆளுக்குள் என்ன நடக்கிறது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,171 மருத்துவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. பிழைகளுக்குப் பிறகு, அடுத்த தவறு எப்போது வருமோ என்ற பதற்றம் கூடியது என்றவர்கள் 61 சதவீதம். தன்னம்பிக்கை போனது என்றவர்கள் 44 சதவீதம். தூக்கம் கெட்டது 42 சதவீதம் பேருக்கு. மருத்துவமனைகள் இதற்குப் போதுமான ஆதரவு தருகின்றன என்று சொன்னவர்கள் பத்தில் ஒருவர்தான். தூக்கம் கெட்டு, கை நடுங்கி, எல்லாவற்றையும் மூன்று தடவை சரிபார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவர்தான் அடுத்த நோயாளியின் பக்கத்தில் நிற்கிறார் என்பதையும் சேர்த்து யோசித்தால், இது வெறும் கருணை சம்பந்தப்பட்ட விஷயமாகத் தெரியாது.

மிசூரி பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த சூசன் ஸ்காட் என்ற செவிலியரும் அவருடைய குழுவும் இப்படி அடிபட்ட 31 பேரிடம் விரிவாகப் பேசி, 2009இல் ஆறு கட்டங்களை எழுதினார்கள். முதலில் குழப்பம்: நோயாளியைக் காப்பாற்ற ஓடிக்கொண்டே, என்ன நடந்தது என்றும் யோசித்துக்கொண்டிருக்கும் நேரம். அடுத்தது, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்து, 'அந்த நிமிஷத்தில் லேபிளைப் பார்த்திருந்தால்' என்று குடையும் கட்டம். மூன்றாவதில், உடன் வேலை செய்பவர்கள் இனி நம்மை நம்புவார்களா என்ற கேள்வி. வார்டில் யாரோ இருவர் மெதுவாகப் பேசிக்கொண்டால்கூட நம்மைப் பற்றித்தான் என்று தோன்றும். நான்காவது, விசாரணையைத் தாங்குவது. ஐந்தாவது, பேச ஓர் ஆளைத் தேடுவது. யாரிடம் பேசலாம், எதைப் பேசலாம், பேசினால் கோர்ட்டில் வந்து நிற்குமா என்று தெரியாமல் பலர் இந்த இடத்திலேயே சிக்கிக்கொள்கிறார்கள். ஆறாவது கட்டத்தில் பாதை மூன்றாகப் பிரிகிறது. சிலர் வேலையையோ வார்டையோ விட்டுப் போய்விடுவார்கள். சிலர் ஒப்புக்குச் சமாளித்துக்கொண்டு வருவார்கள், உள்ளுக்குள் அது அப்படியே கிடக்கும். மற்றவர்கள் அதிலிருந்து எதையாவது கற்றுக்கொண்டு முன்பைவிட நல்ல பணியாளராக மீள்வார்கள்.

ஆதரவுக் குழு எதற்கு என்றால், பிரிகிற அந்த இடத்தில் ஒருவர் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தான்.

ஏன் சக ஊழியர்? மனநல ஆலோசகர் போதாதா?

ஒரு பெரிய பயிற்சி மருத்துவமனையின் டாக்டர்களிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். 2012இல் வந்த அந்த ஆய்வில், கஷ்டம் வந்தால் சக மருத்துவரிடம் பேசுவேன் என்றவர்கள் 88 சதவீதம், மனநல நிபுணரிடம் போவேன் என்றவர்கள் 48 சதவீதம். உதவியை நாடத் தடையாக இருப்பது எது என்ற கேள்விக்கு 89 சதவீதம் பேர் நேரமின்மை என்றார்கள். ரகசியம் காக்கப்படாதோ என்ற பயமும், வேலை முன்னேற்றத்துக்கு ஆபத்தாகுமோ என்ற பயமும் தலா 68 சதவீதம் பேரிடம் இருந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு ஒரே நேரத்தில் இரண்டு மானிட்டர் அலறும்போது எதைப் பார்ப்பது என்ற தவிப்பை வெளியாளுக்குப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆகும். அதே வேலையில் இருப்பவருக்கு அந்த முன்னுரை தேவையில்லை. அதோடு, மதிப்புக்குரிய ஒரு சீனியர் 'எனக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது' என்று சொல்லும்போது கிடைக்கும் நிம்மதி வேறு யாராலும் தர முடியாதது.

அதற்காக நிபுணர்கள் வேண்டாம் என்றில்லை. ஸ்காட்டின் குழு மூன்று அடுக்காக ஒரு முறையை வகுத்தது. முதல் அடுக்கு, அந்தந்த வார்டிலேயே பக்கத்தில் இருப்பவர்கள்: பொறுப்பு நர்ஸ், யூனிட் தலைவர். தோளில் கை வைத்து 'கொஞ்ச நேரம் உட்காருங்க, உங்க பேஷண்ட்டை நான் பார்த்துக்கறேன்' என்று சொல்லத் தெரிந்தவர்கள். சுமார் 60 சதவீதம் பேருக்கு இதுவே போதும் என்பது அவர்கள் கணிப்பு. இரண்டாவது அடுக்கு, பயிற்சி பெற்ற சக ஆதரவாளர்கள். இது இன்னொரு 30 சதவீதம் பேருக்கு. மீதி 10 சதவீதம் பேரை மனநல நிபுணர், சமூகப் பணியாளர் போன்றவர்களிடம் தாமதமில்லாமல் அனுப்ப வேண்டும். குழுவை அமைக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேராக இரண்டாவது அடுக்கில் போய்க் குதிக்கிறார்கள். முதல் அடுக்கில் இருக்கும் பொறுப்பு நர்ஸுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

பேச்சு எப்படிப் போகும்?

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஆம்பூல்களில் (ஊசி மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பிகளில்) ஒன்றை மாற்றி ஏற்றிவிட்டார் ஒரு இளம் நர்ஸ். நோயாளி ஐ.சி.யு.வுக்குப் போய்விட்டார். மறுநாள் வேறு வார்டைச் சேர்ந்த, அவரைவிட மூத்த நர்ஸ் ஒருவர் போன் செய்கிறார்.

"நான் ஆதரவுக் குழுவுல இருந்து பேசறேம்மா. இது விசாரணை கிடையாது, நான் எதையும் எழுதி வைக்கப் போறதும் இல்லை. நேத்து நடந்தது உன்னை எப்படிப் போட்டு வாட்டியிருக்கும்னு தெரியும், அதான் கூப்பிட்டேன். தூங்கினியா?"

"இல்லக்கா. கண்ணை மூடினா அந்த மானிட்டர் சத்தம்தான் கேக்குது. நான் இந்த வேலைக்கே லாயக்கில்லைன்னு தோணுது."

இங்கேதான் வாய் துறுதுறுக்கும். 'அதெல்லாம் ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. நோயாளி பிழைப்பாரா என்றே தெரியாதபோது எது சரியாகும்? 'உன் மேல் தப்பே இல்லை' என்பதும் வேண்டாம், அது பொய் என்று கேட்பவருக்குத் தெரியும், அதன்பிறகு நாம் சொல்லும் எதையும் நம்பமாட்டார். அந்த மூத்த நர்ஸ் சொல்வது இவ்வளவுதான்: "அப்படித் தோணத்தான் செய்யும். எனக்கும் ஒரு தடவை தோணியிருக்கு." அப்புறம் சும்மா இருக்கிறார். தன் கதையை விரித்துச் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு அவரைப் பற்றியதாகிவிடும், கேட்க வந்தவர் ஆறுதல் வாங்கிக்கொண்டு போவார். ஒரு வரி போதும்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்க வேண்டியவை ரொம்பச் சாதாரணமானவை. இன்றைக்கு வீட்டில் கூட யார் இருக்கிறார்கள், ஏதாவது சாப்பிட்டாயா, அடுத்த டியூட்டி எப்போது, அதை மாற்றித் தரச் சொல்லட்டுமா? முன்பு இப்படிக் கஷ்டம் வந்தபோது எது உதவியது? பேச்சில் விரக்தி கூடுதலாகத் தெரிந்தால், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல், அப்போதே மூன்றாவது அடுக்கை அழைக்க வேண்டும். இல்லையென்றால், சில நாள் கழித்து மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லி, சொன்னபடி கூப்பிட வேண்டும். இரண்டாவது அழைப்பு வராவிட்டால் முதல் அழைப்பே சம்பிரதாயமாகப் போய்விடும்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். எந்த ஆம்பூல், எத்தனை மணிக்கு, யார் எடுத்துக் கொடுத்தது என்று அவர் கேட்கவே இல்லை. காரணம் இருக்கிறது. இந்த உரையாடலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்பது நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் ஆதரவாளர் உணர்வைப் பற்றிப் பேசுவார், சம்பவத்தின் விவரங்களுக்குள் போகமாட்டார், குறிப்பு எடுக்கமாட்டார். குழுவைத் தொடங்கும் முன்பே மருத்துவமனையின் சட்ட ஆலோசகரோடு உட்கார்ந்து இந்த எல்லையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'முழு ரகசியம்' என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் கைவிரிப்பதைவிடப் பெரிய துரோகம் இதில் கிடையாது.

இதே காரணத்துக்காக, விசாரணைக் குழுவில் இருப்பவர் ஆதரவாளராக இருக்கக் கூடாது. அந்த நபருக்கு மார்க் போடும், லீவு கொடுக்கும், பதவி உயர்வு எழுதும் மேலதிகாரியும் கூடாது. 'ஆள் பற்றாக்குறை, ஒருவரே இரண்டையும் பார்க்கட்டும்' என்று நிர்வாகம் சொன்னால், அந்த மருத்துவமனை இந்தத் திட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

கூப்பிட்டால் வருவோம் என்று காத்திருக்கலாமா?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் செய்வது இதுதான்: ஒரு தொலைபேசி எண், நான்கு போஸ்டர், ஒரு திறப்பு விழா. போன் அடிக்காது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 2011இல் தொடங்கிய ரைஸ் என்ற சக பணியாளர் ஆதரவுக் குழு இன்று பலரும் பின்பற்றும் முன்மாதிரி. அங்கேயே ஆரம்பத்தில் மாதத்துக்கு ஓர் அழைப்பு வந்தால் உண்டு. போகப்போகத்தான் அது நான்கு வரை உயர்ந்தது. தான் உடைந்துபோயிருப்பதை ஒத்துக்கொண்டு, எண்ணைத் தேடி, டயல் செய்வது உடைந்துபோயிருக்கும் மனிதரால் முடிகிற காரியமா?

பாஸ்டனின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் ஜோ ஷாபிரோ என்ற அறுவை மருத்துவர் 2008இல் தொடங்கிய மையம் வேறு வழியில் போனது. அசம்பாவிதத்தில் சம்பந்தப்பட்டவர்களைக் குழுவே தேடிப்போய்த் தொடர்புகொள்ளும். எல்லாரையும் கூப்பிடுவதால், 'என்னை மட்டும் ஏன் கூப்பிட்டார்கள், நான் பலவீனமானவன் என்றா?' என்ற கேள்வி எழாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவரிடம்தான் இருக்கும். தேடிப்போவதா, காத்திருப்பதா என்பதில் நான் சந்தேகமே இல்லாமல் தேடிப்போகிற கட்சி.

அப்படியானால் செய்தி எப்படிக் குழுவுக்கு வரும் என்பதை முன்பே தீர்மானித்தாக வேண்டும். அசம்பாவித அறிக்கை பதிவானதும் குழுவுக்கும் ஒரு தகவல் போகலாம், அல்லது பொறுப்பு நர்ஸ் ஒரு போன் போடலாம். யார் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் போடும்போது வார்டு உதவியாளர், லேப் டெக்னீஷியன், அந்த நேரத்தில் ஓரமாக நின்ற மாணவி ஆகியோரை மறந்துவிடுவார்கள். மாணவிக்கு அதுதான் வாழ்க்கையில் பார்த்த முதல் மரணமாகக்கூட இருந்திருக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். சம்பவம் நடந்த கையோடு எல்லாரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்வது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். மனஅதிர்ச்சிக்குப் பிறகு வரும் நோயைத் தடுக்க இந்த வகை உளவியல் அமர்வுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. சிலருக்கு இது கெடுதலாகவும் முடியலாம். சிகிச்சையில் எதை மேம்படுத்தலாம் என்று குழுவாகப் பேசுவது வேறு, அது நடக்கட்டும். மனசைத் திறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது மட்டும் வேண்டாம்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பது

விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று சுற்றறிக்கை விட்டால், பேசப் பிடித்தவர்கள் வந்து சேர்வார்கள். நமக்கு வேண்டியது கேட்கப் பிடித்தவர்கள். நல்ல வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு சீட்டைக் கொடுத்து, 'உங்களுக்கு இப்படி ஒன்று நடந்தால் இந்த மருத்துவமனையில் யாரிடம் போய்ப் பேசுவீர்கள்?' என்று கேளுங்கள். சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். டாக்டருக்கு டாக்டர், நர்ஸுக்கு நர்ஸ் என்று அமையும்படி எல்லாத் தொழிலிலிருந்தும் ஆள் இருக்கட்டும். பயிற்சியில் நேரத்தைப் பெரும்பாலும் நடித்துப் பார்ப்பதற்கே ஒதுக்க வேண்டும். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் அழுதால் இன்னொருவர் அறிவுரை சொல்லாமல் இரண்டு நிமிஷம் தாக்குப்பிடிக்கிறாரா என்று பார்த்தாலே யார் தேறுவார் என்று தெரிந்துவிடும். ஆதரவாளர்களுக்கும் பாரம் ஏறும். ஒவ்வோர் உரையாடலுக்குப் பிறகும் பெயர் சொல்லாமல் தங்களுக்குள் பேசி இறக்கிவைக்க ஒரு நேரம் ஒதுக்குங்கள்.

நிர்வாகம் செலவைக் கேட்கும். ரைஸ் குழுவை வைத்து 2017இல் ஒரு கணக்கு வெளியானது. வேலையை விட்டுப்போவது, லீவு எடுப்பது ஆகியவை குறைவதை மதிப்பிட்டு, குழுவை அழைத்த ஒரு நர்ஸுக்கு 22,576 டாலர் மிச்சம், மருத்துவமனைக்கு ஆண்டுக்கு 18 லட்சம் டாலர் மிச்சம் என்று காட்டினார்கள். ஒரே மருத்துவமனையை வைத்துப் போட்ட மாதிரிக் கணக்கு, அப்படியே எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆனால் அனுபவமுள்ள ஒரு நர்ஸ் போனால் புதியவரைப் பிடித்துப் பழக்க என்ன ஆகும் என்பது எந்த நிர்வாகத்துக்கும் தெரியும்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய இன்னொன்று, பிழையை நேர்மையாகச் சொன்னவரை எப்படி நடத்துவீர்கள் என்பது. 2017இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஒரு நர்ஸ், மயக்கத்துக்கான மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கவைக்கும் மருந்தைத் தவறுதலாக ஏற்றிவிட்டார், நோயாளி இறந்தார். தவறை அவர் மறைக்கவில்லை. 2022இல் குற்றவியல் நீதிமன்றத்தில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, சிறைக்குப் பதில் மூன்று ஆண்டு கண்காணிப்புத் தண்டனை கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த எத்தனை நர்ஸுகள் இனி வாய் திறக்க யோசித்திருப்பார்கள்? ஒரு கையால் மெமோ கொடுத்துக்கொண்டு இன்னொரு கையால் ஆதரவுக் குழுவை அனுப்பினால் யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள்.

எங்கே தொடங்குவது என்றால், அசம்பாவிதம் அதிகம் நடக்கக்கூடிய ஒரே ஒரு பிரிவில். ஐ.சி.யு. அல்லது பிரசவ வார்டு அல்லது தியேட்டர். பதிவேட்டில் தேதி, பிரிவு, எத்தனை பேரைத் தொடர்புகொண்டோம், சம்பவத்துக்கு எத்தனை மணி நேரம் கழித்து, எத்தனை பேரை அடுத்த அடுக்குக்கு அனுப்பினோம் என்பவை மட்டும் இருக்கட்டும், பெயர் வேண்டாம். முதல் வருடம் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும், அதைக் காட்டி யாராவது மூடச் சொன்னால் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் மாதம் ஒரு அழைப்பை நினைவுபடுத்துங்கள். முப்பது கட்டில் உள்ள சின்ன மருத்துவமனை என்றால் வேறொரு சிக்கல் வரும்: அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், பெயர் எழுதாவிட்டாலும் யார் என்று ஊகித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட இடங்கள் இன்னொரு சின்ன மருத்துவமனையோடு கைகோத்து, அவர்களுக்கு நம் ஆள், நமக்கு அவர்கள் ஆள் என்று மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.